பழைய வீட்டுக்கு எத்தனை டன்?

ஏ.சி. விற்கிறவர்களுக்குப் புது வீடு என்றால் விற்பனை, பழைய வீடு என்றால் பரீட்சை. திருப்பூரில் ஒரு ஏ.சி. கடையில் வீடு பார்த்து, அறையை அளந்து, எது சரிப்படும் என்று சொல்கிற வேலை எனக்கு. பங்குனி பிறந்தாலே வெந்து போகிற என் சக ஜீவன்களே, உங்களுக்காவது வேர்த்தால் விசிறிக்கொள்ளலாம். நான் அப்போதுதான் ஓட்டு வீட்டுப் பரணில் ஏறி நிற்பேன்.

சுவர்

ஊத்துக்குளிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. குழாய் கொண்டுபோக எங்கள் மெக்கானிக் முத்துராஜ் துளை போட ஆரம்பித்தார். தென்காசிக்காரர், எந்தச் சுவரையும் மதிக்காதவர். துளைக்கும் கம்பி முழுசாக உள்ளே போயும் மறுபக்கம் வரவில்லை. நீளமான கம்பி வாங்கி வந்து மாட்டினார், அதுவும் போதவில்லை. கடைசியில் வெளியே போய் அந்தப் பக்கத்திலிருந்து துளைத்தார். ஒருவழியாக இரண்டு துளையும் நடுவில் சந்தித்தன.

வெளியே வெயில் தீயாய் அடிக்கிறது. அவர் துளைக்குள் கையை விட்டார். விட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றார். நானும் விட்டுப் பார்த்தேன். தண்ணீர்ப் பானைக்குள் கை விட்டது போல் ஜில்லென்று இருந்தது. முத்துராஜ் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ஏக்கா, இவிய ஏ.சி.யச் சுவத்துக்குள்ளயே வச்சில்லா கெட்டிருக்காவ!”

தூக்கம்

வீரபாண்டியில் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு வாங்கியிருந்தார். எல்லா அறைக்கும் ஏ.சி. வேண்டும், வந்து பாருங்கள் என்றார். நான் போனபோது அவர் கம்பெனியில் இருந்தார். வரும்வரை இருக்கலாமென்று உள்அறையில், ஃபேன்கூட இல்லாமல், சிமெண்ட் தரையில் உட்கார்ந்தேன். முற்றத்திலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான் தெரியும். அவர் வந்து எழுப்பினபோது கையில் அளவு டேப்பைப் பிடித்தபடி தூங்கியிருக்கிறேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “எனக்கும் முதல் நாள் இப்படித்தானுங்க ஆச்சு” என்றார். இந்த அறைக்கு ஒன்றும் வேண்டாம், மேலே பிற்காலத்தில் கட்டிய காங்கிரீட் அறைக்கு மட்டும் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனம்மிணி, நீ ஏ.சி. விக்கப் போனியா, இல்ல அந்த ஊட்டுக்கு சர்டிபிகேட் குடுக்கப் போனியா?”

நடுச்சுவர்

நெசவுக் குடும்பம் ஒன்று. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டு, பெரிய கூடத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும்தான் சுவர். அதற்கு மேல் ஓடு வரைக்கும் திறந்த வெளி. பேச்சு வார்த்தை இல்லை. அண்ணன்தான் ஏ.சி. கேட்டார். சுவருக்கு மேலே இருக்கிற திறப்பை அடைக்காவிட்டால் குளிர்ச்சி நிற்காது, மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும் என்றேன். “அடச்சுப் போடுங்க” என்றார் சட்டென்று.

நான் ஏணியில் ஏறி அளக்கும்போது அந்தப் பக்கம் தம்பி இருமினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற இருமல். நிற்கவே இல்லை. அண்ணன் அண்ணாந்து திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் நின்றபிறகுதான் அவர் மூச்சு விட்டார். பிறகு, “அடைக்க வேண்டாமுங்க. அடச்சா அவன் சத்தம் கேக்காது. ஓட்டுக்குக் கீழ ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணா சீலிங் போட்டு, ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு மிஷின் பாருங்க” என்றார்.

நான் ஏணியில் நின்றபடியே டேப்பை மறுபடி நீட்டி, இந்த முறை முழுக் கூடத்தையும் அளந்தேன். அப்புறம் சுவருக்கு மேலாகத் தம்பியின் குரல் வந்தது: “ஏனுங்ணா, வந்தவங்களுக்குக் காப்பி குடுத்தீங்களா? இல்லீன்னா இங்க போடச் சொல்றனுங்க.”

சூடு

பல்லடத்தில் விசைத்தறி வைத்திருப்பவர் மார்கழியில் போன் பண்ணினார். ஏ.சி. வேண்டுமாம். மார்கழியில் எதற்கு என்று கேட்டதற்கு, “குளுருக்கில்லீங்க, சூட்டுக்குங்க” என்றார். குறைமாதத்தில் பிறந்த பெண்குழந்தை. ஆஸ்பத்திரியில் பல வாரம் இருந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வருகிறது. கதகதப்பாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீடோ பழைய ஓட்டு வீடு, விடிகாலையில் பனி உள்ளே இறங்குகிறது. இந்த ஊரில் சூடு கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான். விற்றால் போதும் என்று ஏதாவது சொல்லிவிட எனக்குப் பயமாக இருந்தது.

குழந்தைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வரச் சொன்னேன். முன்கூடத்தை விட்டுவிட்டு, அடுப்படியை ஒட்டின சின்ன அறையைத் தேர்ந்தெடுத்தோம். சூடு ஓட்டு வழியாகப் போகாமலிருக்க மேலே தெர்மாகோல் வைத்து சீலிங் அடித்தோம். குளிரும் சூடும் இரண்டும் தருகிற மிஷினை, காற்று தொட்டில் மேல் நேராகப் படாத சுவரில் மாட்டினோம்.

ஓடவிட்டு, அறை கதகதப்பானபிறகு அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஸ்வெட்டர், குல்லாய், அதற்கு மேல் சால்வை, அதற்கு மேல் கம்பளி. மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்தாள். உள்ளங்கை அகலம்தான் முதுகு. குழந்தை இரண்டு கையையும் மேலே தூக்கி, விரல்களை விரித்து, நீளமாக ஒரு சோம்பல் முறித்தது. அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இங்க கம்பளிக்குள்ள... எம்புள்ளைய முழுசா இப்பத்தானுங்க பார்க்கறேன்.”

பழைய வீட்டுக்கு எந்த ஏ.சி. நல்லது என்று போனில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், வந்து பார்க்காமல் சொன்னால் தப்பாகச் சொல்வேன், வந்து பார்த்தால் சொல்ல வந்ததையே மறந்துவிடுவேன் என்பதுதான்.