வாசல் தெரிய ஒரு நாற்காலி

வெள்ளிக்கிழமை காலை சாத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். தலைமையாசிரியரிடமிருந்து போன். "சண்முகத்தாய் டீச்சர் போயிட்டாக சார். மாரடைப்பு." அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். எங்கே போவதென்றுதான் தெரியவில்லை.

திருத்தங்கலில் எங்கள் பள்ளியின் வணிகவியல் ஆசிரியை அவர்கள். நான் இயற்பியல். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வேலைக்குப் போகப் பழக்கவென்று சனிக்கிழமை மதியங்களில் டீச்சராகவே ஒரு வகுப்பு தொடங்கினார்கள். நேரத்துக்கு வருவது, போனில் பேசுவது, புரியாததைத் திரும்பக் கேட்பது. "பாடமே முடியல, இது வேறயா?" என்று முணுமுணுத்தேன். மறுவாரமே நேர்முகத் தேர்வு ஒத்திகைக்கு என்னை முதலாளியாக உட்கார வைத்துவிட்டார்கள். "ஒங்க மூஞ்சிக்குப் பொருத்தமா இருக்கும் சார்."

முதலில் வந்தவள் செல்வி. தாயும் தகப்பனும் பட்டாசுக் கம்பெனியில். வேறு வேலை அமையாவிட்டால் பரீட்சை முடிந்ததும் அவளுக்கும் அங்கேதான். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பின்னாலிருந்த கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இப்படி இருந்தா எவன் வேலை குடுப்பான்?"

டீச்சர் அவளருகே போய், "என்ன தாயி, ஏன் அங்கனயே பாக்க?" என்றார்கள்.

"எங்கன உக்காந்தாலும் வாசல் தெரிய உக்காருன்னு அம்மா சொல்லும் டீச்சர். கதவு முதுகுக்குப் பின்னால இருந்தா எனக்குப் பேச்சே வரல."

பட்டாசுக் கம்பெனியில் வெடித்தால் வாசலுக்கு ஓட வேண்டுமே. வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அந்தப் பழக்கத்தை டீச்சர் விடச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா சொன்னது சரிதான். அதை விடாத. ஆனா ஒளிச்சு ஒளிச்சுப் பாக்காத. ஒனக்கு வேணுங்கறத மரியாதையா வாய்விட்டுக் கேளு" என்றார்கள். அன்று முழுக்கக் கேட்கத்தான் பழகினார்கள் பிள்ளைகள்.

மதுரைக் கம்பெனி ஒன்றின் நேர்முகத்துக்கு டீச்சரே செல்வியைக் கூட்டிப்போனார்கள். உள்ளே நுழைந்ததும், "சார், நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கிடலாமா? வாசல் தெரிஞ்சா நல்லாப் பேசுவேன்" என்று கேட்டிருக்கிறாள். காரணத்தையும் சொல்லியிருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது. "நாற்காலி திரும்பிருச்சு சார்!" என்று டீச்சர் ஆசிரியர் அறைக்குள் சத்தம்போட்டு வந்தது இன்னும் காதில் நிற்கிறது. கோபப்படுமுன் 'ஏன்' என்று கேட்க என்னைப் பழக்கியதும் அவர்கள்தான். அந்த நன்றியை அவர்களிடம் சொன்னதேயில்லை.

திங்களன்று அதே வகுப்பறையில், ஒரு நாற்காலியில் அவர்கள் படத்தை வைத்து மாலையிட்டோம். மதுரையிலிருந்து லீவு போட்டு வந்திருந்த செல்வி, அழுத கண்ணோடு என்னிடம் வந்தாள்.

"சார், நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கிடலாமா? டீச்சருக்கு வாசல் தெரியல."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பி வைத்தோம்.

பிள்ளைகள் வேலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருங்கள், டீச்சர்.