பொன்னுசாமியின் நெஞ்சில் கேட்காத இரைச்சல்

நல்ல இதயத்தைக் கெட்ட இதயம் என்று சொன்னேன். வாய் தவறிச் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னேன்!

நான் டாக்டர். திருச்செங்கோட்டில் என் கைராசியைப் பற்றி விசாரித்தால் நாலு பேர் நல்லதாகத்தான் சொல்வார்கள். நீங்கள் அவர்களை நம்ப வேண்டாம்.

அப்போது யுத்த காலம். என் அக்காள் மகன் பொன்னுசாமி சேலத்தில் படிப்பை முடித்துவிட்டு, விமானப் படையில் விமானியாகத்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். கடலைக்காட்டுக்கு மேலே விமானம் போனால் அண்ணாந்தபடியே நடந்து வரப்பில் இடறி விழுகிறவன் அவன். மனுவோடு உள்ளூர் டாக்டரின் சான்று வைக்க வேண்டியிருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு என் முன் உட்கார்ந்தான்.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். ஆகா… என்ன இதயம் அது! தேர்த்திருவிழாவில் மலைப்படிகளை ஓடியே ஏறுகிறவனின் இதயம்.

எனக்கு என்ன வந்தது அப்போது? என் மகள் நாச்சம்மாளுக்கு அவன்தான் முறைமாப்பிள்ளை. ஆகாயத்தில் போகிறவன் திரும்பி வருவான் என்பதற்கு யார் பிணை?

"வால்வு சரியா மூடலை சாமி. இரைச்சல் கேக்குது. இதோட ஏரோப்ளேன் ஓட்ட உடமாட்டாங்க" என்றேன்.

அவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

அக்காள் கெஞ்சினாள், அதனால் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் அவள் கேட்கவே இல்லை! மகனை அனுப்புவதற்குத் தகரப்பெட்டிகூட வாங்கி வைத்திருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்துச் சொன்னதுனால என்ற மகன் பொழச்சான் சாமி" என்று அழுதாள். அந்த நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டேன்… நான் எப்பேர்ப்பட்ட ஆள்!

அன்று முதல் அவன் நோயாளி ஆனான். ஏர் பிடிப்பதில்லை. மலைக்குப் போனால் மண்டபத்துக்கு மண்டபம் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிடுவான். யுத்தம் முடிந்ததும் கல்யாணப் பேச்சை எடுத்தேன்.

"நாச்சா தாலியறுத்துட்டு நிக்கோணுமுங்களா மாமா? வேற நல்ல எடமாப் பாருங்க."

இப்படி ஆகும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. படித்தவனுக்கு இதுகூடவா தோன்றாமல் போகும்! நாச்சம்மாளோ வேறு மாப்பிள்ளை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "உன்ற நெஞ்சுல ஒண்ணுமே இல்லடா. நான் பொய் சொன்னேன்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

"மகளுக்காக இப்படியெல்லாம் பொய் சொல்லலாமுங்களா மாமா?"

கத்தினேன். சேலத்துக்கு வா, வேறு டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். "அவருகிட்டயும் சொல்லி வெச்சிருப்பீங்க" என்றான். மறுபடி ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவன் நெஞ்சில் வைத்தேன். அதே இதயம்… கொஞ்சமும் பழுதில்லை. அடக்க முடியாமல் என் கண் கலங்கிவிட்டது. அதை அவன் பார்த்துவிட்டான்.

"நல்ல நெஞ்சுக்கு எதுக்குங்க அழுகை?" என்று என் தோளைத் தொட்டு, எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்!

பொய்யை ஒரே பேச்சில் நம்பியவன், உண்மையை எப்படிச் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறான். நான் என்ன செய்ய? நீங்களாவது சொல்லுங்கள்…

இப்போதும் சந்தைக்கு வரும்போது என்னிடம் நெஞ்சைக் காட்டிவிட்டுத்தான் போகிறான். நாச்சம்மாள் மோர் கொண்டுவந்து கொடுப்பாள். அவன் குடிக்கும்வரை வாசல் நிலையில் சாய்ந்து நிற்பாள். அவன் மெதுவாக, மிக மெதுவாக, தெருவில் இறங்கிப் போன பிறகு என்னைப் பார்த்து, "மாமனுக்கு எப்படீங்கப்பா இருக்குது?" என்பாள்.

மேசையைத் துடைக்கிற பாவனையில் திரும்பிக்கொள்வேன்.

அவளிடம் ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? அவள் நம்பிவிடுவாளே… அந்தப் பயம்தான்!