மூழ்கின கப்பலைப் பார்த்த தனகோட்டி

சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீரை இறைத்துத் தள்ளிய ஆள் தனகோட்டி. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நெய்வேலி மண்ணுக்கு அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். பம்ப் ஓடாவிட்டால் கரி இல்லை, கரி இல்லாவிட்டால் கரண்ட் இல்லை. இதை அவர் வாயால் கேட்டால் ஊருக்கெல்லாம் அவர்தான் விளக்கு ஏற்றுகிறார் என்று தோன்றும். அப்பேர்ப்பட்ட மனுஷன் ரெண்டு வருஷமாகத் தலைக்குக் குளிக்கப் பயந்துகொண்டிருந்தார். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இரண்டாயிரத்துப் பதினைந்து மழையில், சேத்தியாத்தோப்புப் பக்கம் இருக்கிற தங்கை வீட்டைப் பார்க்கப் போனார். கூடப் போனவர் அதே ஷிப்டில் வேலை பார்க்கிற சிங்காரவேல். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இறங்காதீங்க என்று ஊரே கத்தியது. "என்கிட்டயே தண்ணியப் பத்திப் பேசுறீங்களா?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் நம்ம ஆள். நாலாவது எட்டில் கால் நழுவிவிட்டது. தலைக்கு மேல் செந்தண்ணீர், மூக்கெல்லாம் சேறு. சிங்காரவேல் பின்னாலேயே குதித்து, தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, ஓரத்து வேலிக்காத்தான் மரத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து முகத்தில் தண்ணீர் பட்டால் தனகோட்டிக்கு மூச்சு அடைக்கும். பெண்டாட்டி செல்லக்கிளி பின்னால் நின்று முதுகுக்கு மட்டும் சொம்பு சொம்பாக ஊற்றுவாள். சிங்காரவேலுக்கு ஒரு நன்றி சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. ஆம்பளைக்கு ஆம்பளை இதையெல்லாம் எப்படிச் சொல்வதாம்! டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

பதினெட்டாம் வருஷம் பொங்கல் கழித்து, கம்பெனி கொடுக்கிற எல்.டி.சி. பயணச் சலுகையில் புருஷனும் பெண்டாட்டியும் அந்தமான் போனார்கள். அங்கே ஒரு தீவின் கரையோரம் பழைய சரக்குக் கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கிறதாம். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, வாயில் ஒரு குழாய். மேலே குப்புற மிதந்தபடி பார்க்கலாமாம். கூட்டிப்போகிறவர் சுதாகர், அந்தமானிலேயே பிறந்த தமிழர்.

"நீ போய்ப் பாத்துட்டு வா கிளி. நான் இப்படியே ஒக்காந்துகினு இருக்கேன்."

"ரெண்டு வருஷமா முதுகுக்குத் தண்ணி ஊத்திகினு கெடக்கேங்க. ஒரு கப்பலயும் நான் தனியாத்தான் பாக்கணுமா?" கேட்கும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. "நீங்க வரலன்னா நானும் எறங்கல."

தனகோட்டி லைப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

முகத்தைக் கடலில் வைத்ததுதான் தாமதம், சின்ன அலை ஒன்று குழாய்க்குள் எட்டிப் பார்த்து 'களக் களக்' என்றது. பம்ப்காரனுக்கு இந்தச் சத்தம் பிடிக்காது. பம்பின் குழாய் நுனி தண்ணீருக்கு வெளியே வந்து காற்றை இழுக்கிறது, உடனே தண்ணிக்குள் அமுக்கு என்றுதான் அதற்கு அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்துக் கை, யாரைக் கேட்கும்? குழாயின் நுனியைப் பிடித்து நன்றாகக் கடலுக்குள் அமுக்கிவிட்டு, ஒரு இழு இழுத்தார். அடேயப்பா, பாதிக் கடல் வயிற்றுக்குள்!

சுதாகர் தூக்கி நிறுத்தினார். "ஏண்ணே, மூச்சு விடுற கொழாயவே முக்குவாங்களா?"

"பழக்கம்... தம்பி..." இருமலுக்கு நடுவே தனகோட்டி சொன்னார். "பம்ப்..."

செல்லக்கிளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து இவருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. மூக்கு எரிகிறது, முகமெல்லாம் தண்ணீர் வழிகிறது, ஆனால் மூச்சு அடைக்கவில்லை.

"ரெண்டு கையையும் எங்கிட்ட குடுங்க. அது சும்மா இருக்காது," என்று அவர் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் செல்லக்கிளி. இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து குனிந்தார்கள்.

கப்பல் ஒருக்களித்துக் கிடந்தது. துரு ஏறிய இரும்பெல்லாம் பாசி. ஜன்னல் வழியாக மஞ்சள் மீன்கள் போவதும் வருவதுமாக இருந்தன. இதிலும் பம்ப் இருந்திருக்குமே, எங்கே என்று தனகோட்டியின் கண் தேடியது. ஏணி ஒன்று மணலுக்குள் பாதி புதைந்து நின்றது. அதைப் பார்த்ததும் மனசு என்னவோ செய்தது. இந்தக் கப்பலை இழுத்துப் போட ஒருத்தரும் வரவில்லை. தனக்கு ஒருத்தன் வந்தான். அவன் வரவில்லை என்றால் இந்தக் கையை யார் பிடித்திருப்பார்கள்? கண்ணாடிக்குள்ளேயே கண் கலங்கி, கப்பல் மங்கலாகிவிட்டது.

கரைக்கு வந்து, ஈரத்தோடு படகுத்துறைப் படியில் நின்றுகொண்டே போன் போட்டார். சிங்காரவேல் மந்தாரக்குப்பம் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"டேய் சிங்காரம், அன்னிக்கு நீ இல்லன்னா நான் இல்லடா. இத்தன நாளாச் சொல்லாமலே இருந்துட்டேன். ரொம்ப நன்றிடா."

கையில் இருந்த கத்திரிக்காயைத் திரும்பக் கூடையிலேயே போட்டார் சிங்காரவேல். அப்புறம், "கடல் தண்ணிய ரொம்பக் குடிச்சிட்டியா?"

"குடிச்சேன்தான். ஆனா மெய்யாத்தான் சொல்றேன்."

"சரி, நீ சொல்லிட்ட. நானும் ஒண்ணு சொல்லிடுறேன், என் பொண்டாட்டி காதுக்குப் போவக் கூடாது." சிங்காரவேல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு நீச்சல் தெரியாதுடா."