தவணை கடந்த புத்தகம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருமுல்லைவாயில் கிளை நூலகத்தில் நூலகராக இருந்தேன். தடா சட்டம் எல்லார் வாயிலும் இருந்தது. எங்கள் அலமாரியில் அது எந்தப் புத்தகத்தைத் தொடும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. நீக்க வேண்டிய நூல்களின் பட்டியல் கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். பதில் தொலைபேசியில் வந்தது: "நீங்களே பாத்து எடுத்துடுங்க சார்." எழுத்தில் தாருங்கள் என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

நூலகத்தில் ஒரு புத்தகத்தைக் கழிக்க அது கிழிந்திருக்க வேண்டும், அல்லது கரையான் தின்றிருக்க வேண்டும். பயமாக இருக்கிறது என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. வெளியே ஜீப் சத்தம் கேட்டால் என் கண் இலங்கை பற்றிய நூல்கள் இருந்த அலமாரிக்குப் போய் வந்தது.

ஒரு மாலை, ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாசகர் வெறுங்கையோடு வந்தார். இலங்கைத் தமிழர் வரலாறு பற்றிய கனமான நூல் ஒன்று அவரிடம் இருந்தது. தவணை முடிந்துவிட்டது.

"சார், கார்டு மட்டும் போட்டுராதீங்க."

தவணை கடந்தால் அஞ்சலட்டை அனுப்புவோம். நூலின் பெயரை அதில் பெரிதாக எழுத வேண்டும் என்பது விதி.

"குவார்ட்டர்ஸ் கேட்டுல எவனாவது படிச்சா என் வேலை போயிரும்."

"புத்தகத்தக் கொண்டாந்துடுங்களேன்."

"இப்ப கேட்டுல பையைக் கொட்டிப் பாக்கிறான் சார். எரிச்சிரட்டுமா?"

"அரசுச் சொத்து. அதுக்கு வேற சட்டம் இருக்கு."

"தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக்கோங்க."

"அப்ப இதே புத்தகம் இன்னொண்ணு வாங்கித் தரணும்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அரசு வாங்கி, அரசு முத்திரை குத்தி, அரசு ஊழியருக்கு இரவல் கொடுத்த புத்தகம், அரசுக் குடியிருப்பின் பரணில் ஒளிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. நூலகத்துப் புத்தகங்கள் சிலவற்றைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் அவர் குடியிருப்புக்குப் போனேன். அவர் மனைவி பரணிலிருந்து நூலை எடுத்துத் தந்தார். திரும்பும்போது வாசலில் காவலாளி மறித்தார்.

"இன்னா சார், பை கனமா கீது?"

"லைப்ரரி புக்குப்பா. டியூ தாண்டினத வாங்கிட்டுப் போறேன்."

அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். சமையல். ஜோசியம். அடுத்தது அதுதான். பிரித்தார். ஊதா முத்திரையை விரலால் தடவினார்.

"கவர்மெண்டு சீலு கீதே! ஊட்டாண்டயே வந்து வாங்கிகினு போறியா சார்? நம்ம கைல கூட ஒரு புக்கு கீது, ரொம்ப வருசமா. அத்தக் கேட்டு வந்துடாதே, மாமே!"

அவரே பைக்குள் திரும்ப வைத்தார்.

நூலை அதன் எண் வரிசையில், அதே இடத்தில் செருகினேன். எடுக்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு எதுவும் இல்லையே.

மறுவாரம் வாசகர் வந்தார். அலமாரியில் அந்த நூல் இருப்பதைப் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"அதுல என் பேரு இருக்கா சார்?"

"இல்ல. உறுப்பினர் எண் மட்டும்."

"அந்த எண்ணும் வேண்டாம். கேன்சல் பண்ணிருங்க."

புத்தகத்தை நீக்கத்தான் விதி இல்லை. வாசகரை நீக்கப் படிவம் என் இழுப்பறையிலேயே கட்டாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, செய்தித்தாள் மேசைப் பக்கம்கூடத் திரும்பாமல் போனார்.