பாலத்தின் உச்சிக்கு ஒரு கை தூரம்

கோபத்தை மட்டும் நம்பி ஒரு மனுஷி எவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்க முடியும்? மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்பு தைக்கும் அந்தத் தையல்காரியைப் பார்த்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

குடும்பத்தோடு போன முதல் ஞாயிற்றுக்கிழமை சவாரியிலேயே பாலத்து ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. "அண்ணி, நீங்க ஆட்டோ பிடிச்சு வாங்க, சைக்கிளை நான் உருட்டிட்டு வர்றேன்!" என்று கொழுந்தன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கணவனும் சிரித்தான்.

அதே பாலத்தில் கொழுந்தனை முந்தாமல் விடுவதில்லை என்று தினமும் வெறியோடு ஏறினாள். முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு முறையை மாற்றினாள். ஒரு நாள் மேடில்லாத சாலையில் நெடுந்தூரம், மறுநாள் பாலம், அடுத்த நாள் சும்மா தெருவைச் சுற்றி. மழையிலும் விடவில்லை. கால் தேறியது, கோபம் ஆறவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, பாதிப் பாலத்திலேயே கொழுந்தனை முந்தினாள். "அண்ணி... மெதுவா..." என்று பின்னால் மூச்சிரைத்தான். உச்சிக்கு ஒரு கை தூரத்தில் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றி நின்றாள். அவன் தலையைத் தொங்கப்போட்டபடி கடந்து போனான்.

"ஜெயிக்கிற நேரத்துல ஏன்டி நின்னே?" என்று கணவன் வீட்டில் கேட்டான்.

அவள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டால் நாளைக்கு மிதிக்கக் கோபம் மிச்சமிருக்காதே என்று நினைத்தபடி, விடிகாலைக்கு அலாரம் வைத்தாள்.