சாயம் விடாத மெர்பாவ்

ஜெலுத்தோங் ஊரிலிருந்த மரக்கிடங்கில் சாந்தினி வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. சுங்கை பாக்காப்பில் வளர்ந்து, ஃபார்ம் ஃபைவோடு பள்ளிப் படிப்பை நிறுத்திய கடைக்குட்டி. ஆனால் பலகை அளப்பதில் அவள் சொன்னால் சொன்னதுதான். மறுபடி அளந்து பார்த்தவர்கள் வெட்கப்பட்டுத்தான் போனார்கள். அளந்த பலகையின் முனையில் நீல மெழுகுக்குச்சியால் ‘சா’ என்று தமிழில் எழுதுவாள். அப்படி ஒரு சுழிப்பு வேறு யாருக்கும் வராது.

அந்த வாரம் முதலாளி லோகேஸ்வரனுக்காக ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். இருபது வருஷத்தில் எந்த நாடு எவ்வளவு கடினமரம் அனுப்பியதாகச் சொல்கிறது, வாங்கிய நாடு எவ்வளவு வந்ததாகச் சொல்கிறது என்று. ஒரு வருஷம்கூட ஒத்துப்போகவில்லை. அனுப்பியதைவிட வந்தது அதிகம்.

“யாருமே வெட்டாத மரம் எப்படி கப்பல் ஏறும் கமால்?”

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கமால் சிரித்தான். “ஹந்து லா அக்கா. பேய்க்கு பாஸ்போர்ட் வேணுமா என்ன?”

வியாழக்கிழமை ஒரு கண்டெய்னர் மெர்பாவ் கடினமரப் பலகை வந்தது. போன மாதம்தான் வெட்டிய மரம் என்றது தாள். கமால் வெளியே அடுக்கி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது.

மெர்பாவ் நனைந்தால் சாயம் விடும். பக்கத்து அடுக்கின் கீழே, வழக்கம்போல, சிமெண்டுத் தரை ரத்தம் சிந்தியதுபோல் ஆயிற்று. புது அடுக்கின் கீழே வெறும் தண்ணீர் ஓடியது. சாந்தினி குடையோடு நின்று பார்த்தாள். பல வருஷம் மழையில் கிடந்து சாயமெல்லாம் போன மரம்தான் அப்படி இருக்கும்.

ஒரு பலகை முனையில் அனுப்பிய கிடங்கு பூசியிருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டினாள். அடியில் மஞ்சள், வேறொரு நாட்டுக் கிடங்கின் நிறம். அதையும் சுரண்டினாள். நீலமாக, ‘சா’.

அவள் கைச்சுழிப்பேதான். அடுத்த பலகையிலும் அது இருந்தது. அதற்கடுத்ததிலும்.

பழைய கோப்பை எடுத்தாள். பதினொரு வருஷத்துக்கு முன் அவளே அளந்து ஏற்றி அனுப்பிய பலகைகள். போன நாட்டிலெல்லாம் புது மரமென்று பேர் வாங்கி, அவள் அட்டவணைக்குள்ளும் மூன்று தனி மரங்களாக எண்ணப்பட்டு நின்றவை. அன்றைய தாளில் ‘வெட்டிய நாடு’ என்ற கட்டம் காலி. கீழே அவள் கையெழுத்து. “பிறகு நிரப்பிக்கலாம், போடும்மா” என்றிருந்தார் லோகேஸ்வரன்.

இப்போது வாயைத் திறந்தால் அதுவும் வெளியே வரும். தரம் பார்க்கும் லைசென்ஸ் போய்விடும். பேசாமல் ஏற்றுமதித் தாளில் கையெழுத்துப் போட்டால் பலகைகள் திரும்பவும் கப்பலேறி இன்னொரு மரமாகும்.

நாலு மணிக்கு லோகேஸ்வரன் வந்தார். அவள் தாளை நீட்டினாள். நாடு என்ற கட்டத்தில் ‘ஜெலுத்தோங்’ என்றிருந்தது. அந்தப் பேரில் ஒரு மரமும் உண்டு.

“என்னம்மா, நாடு கேட்டா மரத்துப் பேர எழுதி வெச்சிருக்க?”

“ஊர்ப் பேருண்ணே. இங்கேருந்துதான் போச்சு.”

“அதுக்கு முன்னாடி?”

“கட்டம் காலி. காலியா விட்டுட்டு கையெழுத்து போட்டது நான்தான். அந்தத் தாளையும் பின்னாடி வெச்சிருக்கேன், பாருங்க.”

அவர் புரட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“அக்கா!” வெளியிலிருந்து கமாலின் குரல். “மழை விட்டு ஒரு மணி நேரமாச்சு. இது மட்டும் இன்னும் சொட்டுது!”

சாந்தினி போய்ப் பார்த்தாள். அடுக்கு முழுக்கத் தெளிந்த தண்ணீர்தான் சொட்டியது. அவள் முதலில் சுரண்டிய முனையில் மட்டும், ‘சா’வுக்குக் கீழே, சிவப்பாக ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது.