தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார்

என் மாமியார் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில், ஒரு முழுப் பூவன் தாரை மடியில் கிடத்திக்கொண்டு பொன்மலைக்கு வந்து இறங்கினார். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒர்க் ஷாப்பில் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பிப்பதற்குச் சில வருஷம் முன்னால், ஆடி மாதம்.

நான் கர்ப்பமாக இருந்தபோது, பிரசவம் நல்லபடி முடிந்தால் மலைக்கோட்டைத் தாயுமானவருக்குத் தார் கொண்டுவந்து வைக்கிறேன் என்று மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் வேண்டிக்கொள்வதுதான். பங்குனியில் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே போய்விட்டது.

“அத்தை, இதுக்கு எதுக்குங்க தாரு?” என்று கேட்டேன்.

“நான் வேண்டுனது உன் உசுருக்குடி. நீ குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கிறியா இல்லியா? சாமிகிட்ட சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நான் லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணமான புதிதில் இதே மாமியாரோடு குழம்புக்குப் புளி போதவில்லை என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். அன்று ஒன்றும் வரவில்லை. உப்பில்லாத சோறும் உப்புள்ள சோறும் எனக்கு ஒன்றாயிருந்த காலம் அது. புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பிரசவத்தில் எனக்கு ஜன்னி கண்டுவிட்டது. கண் திறந்தபோது எல்லாம் முடிந்து, மார்பில் மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள், பால் வற்றுவதற்காக. பிறந்தது ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால் பேச்சை மாற்றினார்கள். தெரிந்துகொண்டால் மனதில் உருவம் தங்கிவிடும், அப்புறம் அடுத்தது வயிற்றில் தங்காது என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் கண்ட நியாயம். மருத்துவச்சியைக் கேட்டேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். என் வீட்டுக்காரரைக் கேட்டேன். “அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. என்னைக் கேக்காதே” என்றார். அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நான் பெற்றது எது, அதை எங்கே வைத்தார்கள்.

மூன்று பேரும் ஜட்கா வண்டியில் போய் மலையடிவாரத்தில் இறங்கும்போது உச்சி வெயில். கோயில் நடை சாத்தியிருந்தது. சாயங்காலம்தான் திறப்பார்கள் என்று தேங்காய்க் கடைக்காரர் சொன்னார். தாரை அவர் கடையிலேயே ஒப்படைத்தோம். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் செத்த பிராணிகளைப் பாடம் பண்ணிக் காட்சிக்கு வைத்திருப்பதாகவும், அன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றும் அவரே சொன்னார். மாமியாருக்குக் கொள்ளை ஆசை. “பட்டணத்துலதான் செத்த காலேஜு இருக்குன்னு சொல்லுவாங்க, இங்கயும் வச்சிருக்கானா!” என்று முன்னால் நடந்தார்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. புலி ஒன்று வைக்கோல் பிதுங்க நின்றது. மாமியார் அதோடு பேசினார். “ஏன்டா, உனக்கும் இந்தக் கதியா?” முதலை, ஆந்தை, மீன் முள், ராஜாக்கள் காலத்துப் பீரங்கிக் குண்டு. நான் கால் போன போக்கில் நடந்து ஓர் அலமாரி முன்னால் நின்றேன். கண்ணாடி ஜாடியில் பிறக்காத ஆட்டுக்குட்டி ஒன்று மிதந்தது. ரோமம்கூட வரவில்லை. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அட்டையில் தமிழிலும் எழுதியிருந்தது: வெள்ளாடு, பெண், எந்த ஊரிலிருந்து கிடைத்தது என்று.

ஒரு ஆட்டுக்குட்டிக்கு இவ்வளவு எழுதி ஒட்டியிருக்கிறார்களே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து, ஜாடியைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விட்டார். எனக்குக் கை வலித்ததே தவிர வேறொன்றும் இல்லை.

நடை திறந்ததும் மேலே ஏறினோம். மலைக்குள்ளேயே குடைந்த படி. இருட்டு, எண்ணெய்ப் பிசுக்கு, வௌவால் நாற்றம். தாரைத் தோளில் வைத்து என் வீட்டுக்காரர் முன்னால் ஏற, மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு “ஈஸ்வரா, ஈஸ்வரா” என்று நடுவில் வந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு போனது. அந்தக் குழந்தை தகப்பன் தோளுக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. நான் குனிந்து படியைப் பார்த்து ஏறினேன்.

தாயுமானவர் சன்னதியில் தார்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு தாருக்கும் பின்னால் ஒரு பெண் பிழைத்து எழுந்திருக்கிறாள். குருக்கள் எங்கள் தாரை வாங்கிச் சாமி முன்னால் வைத்து, பெயர் நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை பண்ணினார். தட்டோடு திரும்பி வந்து, தார் கொண்டுவருகிற எல்லோரிடமும் கேட்பதை எங்களிடமும் கேட்டார்.

“கொழந்தையை அழைச்சுண்டு வரலையா? ஆணா, பெண்ணா?”

“பொண்ணு சாமி” என்றார் மாமியார்.

சாமி சன்னதியில் குருக்கள் கேட்டால் பொய் சொல்ல அவருக்கு வராது. வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்திருக்கிறது. வலது கையால் வாயை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கற்பூரத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “தாயும் சேயும் க்ஷேமமா இருக்கட்டும்” என்று குருக்கள் என் கையில் விபூதியைப் போட்டார். “கொழந்தை நெத்தியில இட்டுவிடும்மா.”

பெண் பிள்ளை. நான் அந்த விபூதியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே மூடிக்கொண்டேன். இத்தனை நாள் இதற்காகத் தவித்தவளுக்கு உடம்பு ஆட வேண்டாமா, மயக்கம் வர வேண்டாமா? ஒரு மண்ணும் இல்லை. பக்கத்தில் நின்ற பொம்பளை நகரச் சொன்னாள், நகர்ந்தேன்.

மாமியார் உச்சிப் பிள்ளையாரையும் பார்த்துவிட வேண்டும் என்றார். அதற்கு மேல் திறந்த பாறையில் படி. காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வெளிச்சுற்றில் நின்றோம். வடக்கே காவேரி, அந்தப் பக்கம் தென்னை மரங்களுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், கிழக்கே தள்ளித் திருவானைக்காவல். தெற்கே எங்கள் பொன்மலை, புகைக்குக் கீழே. கீழே தெருவில் மாட்டு வண்டிகள் ஊர்ந்தன. ஊரே பார்த்து வாயைப் பிளக்கிற இடம். மாமியார் மட்டும் எதையும் பார்க்காமல் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் என் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். “என்னங்க, எங்க வச்சீங்க?”

சத்தியம்தான் உடைந்துவிட்டதே என்றோ என்னவோ, கையை நீட்டினார். “பாலத்துக்கு மேக்கால. ஆத்து மணல்ல.”

அவர் விரல் போன வழியே பார்த்தேன். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. மணல் என்று ஒரு பிடி இல்லை. பங்குனியில் ஆறு காய்ந்து கிடந்தது, தோண்டினார்கள். ஆடியில் தண்ணீர் வராதா? அவருக்கும் அது தெரிந்துதான் இருந்திருக்கிறது. நீட்டிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றார்.

“யாரு ஜாடை?” என்று கேட்டேன்.

“நான் துணிய வெலக்கிப் பாக்கலை” என்றார். “முடியலை. அம்மாதான் பாத்தாங்க.”

நான் திரும்பி மாமியாரைப் பார்த்தேன். என் பெண்ணின் முகத்தைக் கண்ணால் பார்த்து வைத்திருக்கிறவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். இந்த நான்கு மாதமும் அந்த முகத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார், கடிதம் போட்டிருக்கிறார், பஸ் ஏறி வந்திருக்கிறார். அந்தப் பொம்பளை மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. மாதக்கணக்கில் ஒன்றும் தோன்றாதவளுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

பக்கத்தில் போய்ப் பாறையில் உட்கார்ந்தேன். “அத்தை, யாரு ஜாடைங்க?”

“வேணாம் தாயி.”

“சொல்லுங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்து என் மூக்கின் மேல் வைத்தார். “இது ஒன்னுதுதான். அச்சா ஒன்னுது.” விரல் நெற்றிக்குப் போனது. “நெத்தி எங்க வீட்டு நெத்தி, மேடா இருந்துச்சு. தலை நெறைய முடி. காதுகிட்ட சுருண்டு…” அதற்கு மேல் முடியாமல் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். கோயிலுக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

“அழுவாதீங்க அத்தை” என்று அவர் முந்தானையை விலக்கினேன். “காதுகிட்ட சுருண்டு, அப்புறம்? சொல்லுங்க.”